கொடைக்கானல் வீட்டு ஹால்ல ஃபயர்பிளேஸ் இருக்கு, டிவியை எங்க வைக்கலாம்?

வைகைக்கரை (மதுரை, அண்ணா நகர்)

எல்லாருக்கும் வணக்கங்க. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா வாசிச்சு யோசனை சொல்லுங்க, ஒரு மாசமா வீட்ல இதே பேச்சா இருக்கு.

எங்கப்பா சர்வீஸ்ல இருந்தப்பவே கொடைக்கானல்ல நாயுடுபுரம் பக்கம் ஒரு பழைய கல்லு வீட்டை வாங்கிப் போட்டாரு. சின்ன வீடு, ஒரு ஹாலு, ஒரு ரூமு, அடுப்படி, அம்புட்டுத்தான். சித்திரை வெயில் தொடங்குனதும் நாங்க எல்லாரும் வத்தலக்குண்டு வழியா மேல ஏறிருவோம், ஆனா அப்பா மட்டும் வரமாட்டாரு, சித்திரைத் திருவிழால திருக்கல்யாணம், தேரு, அழகரை மதுரைக்காரங்க எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவை எல்லாம் முடிஞ்சு அழகர் வைகை ஆத்துல இறங்கி திரும்ப மலைக்குப் போற வரைக்கும் அவரு மதுரைய விட்டு நகரமாட்டாரு. 2020லயும் 2021லயும் கொரோனாவால அழகர் ஆத்துக்கே வரல பாருங்க, அந்த ரெண்டு வருசம் தவிர அவருக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து விட்டதே இல்ல. இப்ப கழுத்து எலும்பு தேய்மானம், கூட்டத்துல போய் நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, வெயிலும் ஒத்துக்கல. நானும் அம்மாவும் பேசிப் பேசி கடைசில சரின்னாரு, ஆனா ஒரே ஒரு நிபந்தனை, அழகர் இறங்குறத அங்க உக்காந்து நேரலைல பாக்கணும். அந்த வீட்ல இதுவரைக்கும் டிவியே கிடையாது.

இப்ப பிரச்சினை ஹால். அளவு சொல்லிர்றேன். கிழக்கு மேற்கா 18 அடி, தெற்கு வடக்கா 13 அடி. மேற்குச் சுவத்து நடுவுல ஃபயர்பிளேஸ். அந்தப் புகைபோக்கிச் சுவர் மட்டும் 5 அடி அகலத்துக்கு ஒன்றரை அடி முன்னாடி துருத்திக்கிட்டு இருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் நாலு நாலு அடிக்கு உள்வாங்குன இடம். தீ எரியுற வாய் மூணு அடி அகலம். அதுக்கு மேல தரைல இருந்து நாலரை அடி உயரத்துல ஒரு கல்லுப் பலகை. தெற்குச் சுவர் முழுக்க கண்ணாடி சன்னல், பள்ளத்தாக்கு தெரியும். வடக்குச் சுவத்துக்கு அங்கிட்டு பெட்ரூம். கிழக்க வாசக்கதவு, பக்கத்துல ஒரு சுவரலமாரி.

வீட்டுக்காரம்மா போன்ல படம் பாத்துட்டு ஃபயர்பிளேஸுக்கு மேல மாட்டுனாத்தான் அழகா இருக்கும்கிறாங்க, எல்லாப் படத்துலயும் அப்படித்தான் இருக்கு, அது உண்மைதான். மச்சினன் கிழக்குச் சுவத்துல நேர் எதிரா மாட்டச் சொல்றாரு. அம்மா வடக்குச் சுவர்ங்கிறாங்க. அப்பாகிட்ட கேட்டா எங்கிட்டு வேணா வையி, எனக்குத் தீக்குப் பக்கத்துல சேர் கிடந்தாப் போதும்கிறாரு. அவருக்குக் குளிர் தாங்காது. அதுலதான் எனக்குப் பயமே, அழகர் இறங்குறது விடியக்காலைல, சித்திரை மாசம்னாலும் அந்த நேரத்துக்குக் கல்லு வீட்டுக்குள்ள நல்லாக் குளிரும், அதனால தீயும் எரியும் டிவியும் ஓடும், ரெண்டும் ஒரே நேரத்துல. மேல மாட்டுனா டிவிக்கு ஏதும் ஆகுமா? மதுரை வீட்ல இருக்கற 55 இஞ்ச் டிவியை மேல கொண்டுபோயிட்டு இங்கிட்டுக்குப் புதுசு வாங்கலாம்னு நினைச்சிருந்தேன். சித்திரைக்குள்ள முடிக்கணும், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


ஒத்தக்கடை டிவி சர்வீஸ்

அண்ணே, 18 வருசமா டிவி சர்வீஸ் பாக்குறேன். விறகு எரியுற ஃபயர்பிளேஸுக்கு மேல மட்டும் மாட்டிராதீங்க. காரணத்தையும் சொல்றேன், வீட்ல மதினிக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

எந்தக் கம்பெனி டிவி மேனுவலை எடுத்தாலும் பின்னாடிப் பக்கத்துல எம்புட்டு சூட்டுக்குள்ள ஓட்டணும்னு போட்டிருக்கும், பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும்தான். அது டிவியச் சுத்தி இருக்கற காத்தோட சூடு, இது போக டிவி தன்னாலயும் சூடாகும். விறகு எரியிறப்ப சூட்டுக்காத்து எல்லாமே புகைபோக்கி வழியாப் போயிரும்னு நினைக்கிறோம், அப்படிக் கிடையாது, ஒரு பங்கு முன்வாசல் வழியா வெளிய வந்து சுவத்தை ஒட்டியே மேல ஏறும். அந்த எடத்துலதான் டிவியோட அடிப்பாகம் இருக்கும். அதோட அந்தக் கல்லுச் சுவர் ஒரு தடவை சூடேறுனா தீ அணைஞ்சு மூணு நாலு மணி நேரம் ஆனாலும் ஆறாது, டிவிக்குப் பின்பக்கம் பூரா கணகணன்னு இருக்கும்.

சூட்டுல டிவிக்கு என்னாகும்னா ஒரே நாள்ல வெடிச்செல்லாம் போகாது, அதான் பலபேருக்கு நம்பிக்கை வந்துருது. பைய பையத்தான் போகும். பவர் போர்டுல இருக்கற கெப்பாசிட்டர் 10 டிகிரி கூடுனா ஆயுசு பாதியாக் குறையும், இது எங்க தொழில்ல எல்லாரும் வச்சிருக்கற கணக்கு. உள்ள பேக்லைட் எல்இடி ஒவ்வொண்ணுக்கும் மேல குட்டியா ஒரு லென்ஸ் பசை வச்சு ஒட்டியிருக்கும், சூட்டுல பசை காஞ்சு அது கழண்டு விழுந்துரும், அப்புறம் படத்துல அங்கங்க வெள்ளை வெள்ளையாப் புள்ளி தெரியும். பேனல் ஓரத்துல ஒட்டியிருக்கற ஃப்ளெக்ஸ் பட்டை விட்டுப்போச்சுன்னா நெட்டுக்குக் கோடு விழும், கோடு விழுந்துருச்சுன்னா பேனல் மாத்தணும், பேனல் விலைக்குப் புது டிவியே வந்துரும்.

இதை விட மோசம் கரி. விறகுப் புகைல எண்ணெய்ப்பசை மாதிரி ஒண்ணு இருக்கும், டிவி முதுகுல இருக்கற ஓட்டை வழியா உள்ள போய் போர்டு மேல படிஞ்சிரும், அதுல மலைக்காத்து ஈரமும் சேந்தா துரு புடிச்சு ஷார்ட் ஆகும்.

நான் சொல்றத நம்ப வேணாம், நீங்களே பாத்துக்கலாம். அடுத்து மேல போறப்ப ரெண்டு மூணு சாதாரணத் தெர்மாமீட்டர் வாங்கிட்டுப் போங்க, காய்ச்சல் பாக்குறது இல்ல, சுவத்துல மாட்டுறது. கல்லுப் பலகைக்கு மேல ஒண்ணு, பக்கத்துல உள்வாங்குன எடத்துல ஒண்ணு, வடக்குச் சுவத்துல ஒண்ணு டேப் போட்டு ஒட்டிட்டு வழக்கமா எரிக்கற மாதிரி ரெண்டு மணி நேரம், முடிஞ்சா மூணு மணி நேரம் எரிச்சுட்டு எழுதி வைங்க. 40ஐத் தாண்டுற எடத்துல டிவி கூடாது, 35 வந்தாக்கூட நான் மாட்டமாட்டேன்.

ஸ்டெபிலைசர் வேணுமான்னு அடுத்துக் கேப்பீங்க, இப்ப வர்ற எல்இடி டிவிக்கு அது அவ்வளவா தேவையில்ல, 100 வோல்ட்ல இருந்து 240 வரைக்கும் பெரும்பாலும் அதுவே சமாளிச்சுக்கும். இடிக்குத்தான் பயப்படணும். மழை மேகம் கட்டுனா பிளக்கை உருவிருங்க, டிஷ் கேபிளையும் சேத்து உருவணும், கேபிள் வழியா அடிச்சு போர்டு போனதுதான் எங்கிட்ட வர்றதுல நிறைய.


கோரிப்பாளையம் தம்பி

அண்ணே ஒரு சந்தேகம், மேல மாட்டுறது தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா ஊட்டில எங்க சித்தப்பா வீட்ல மேலதான் மாட்டியிருக்காங்க நாலு வருசமா நல்லாத்தான் ஓடுது. அவங்களுது கரண்டுல எரியுறது, சூடு முன்னாடிப் பக்கமா ஊதும் அதனாலயா? அப்புறம் ஈசிசேர்ல சாஞ்சு உக்காந்தா டிவி கொஞ்சம் உயரத்துல இருக்கறதுதானே வசதி, நேரா இருந்தா தலையத் தூக்கிப் பாக்க வேண்டியிருக்குமே.


ஒத்தக்கடை டிவி சர்வீஸ்

ஆமா தம்பி, அது கரண்டு ஹீட்டர், புகை கிடையாது, சூட்டுக்காத்தும் முன்னாடி ஊதி விட்ரும். அதுக்கு மேல மாட்டலாம், மாட்டியும் குடுத்திருக்கேன். அண்ணன் வீட்ல விறகு, அது வேற கதை. ஈசிசேர் விசயம் நீ சொல்றது சரிதான், நல்லா மல்லாந்து சாயுறவங்களுக்கு உயரம் இருக்கலாம். ஆனா அப்பா எப்படி உக்காருவாருன்னு அண்ணன்தான் சொல்லணும்.


வைகைக்கரை

அப்பாவுக்கு ஈசிசேரே இப்ப கூடாதுங்க. முதுகு நேரா நிக்கற மாதிரி கைப்பிடி வச்ச மரச்சேர்லதான் உக்காரணும், அண்ணாந்து பாக்கறதக் குறைக்கணும்னு பிசியோதெரபி பாக்கறவங்க கண்டிச்சு சொல்லிருக்காங்க. நீங்க கேட்டப்புறம்தான் கணக்குப் போட்டுப் பாத்தேன். பலகை நாலரை அடி, அதுக்கு மேல ஒரு நாலு இஞ்ச் விட்டு 55 இஞ்ச் டிவியை மாட்டுனா டிவியோட நடுவே தரைல இருந்து கிட்டத்தட்ட 6 அடில வருது. அப்பா சேர்ல உக்காந்தா கண்ணு 40 இஞ்ச்ல இருக்கு, அளந்து பாத்தேன். தீல இருந்து 7 அடி தள்ளி உக்காந்தா டிவி நடுவப் பாக்கவே 20 டிகிரிக்கு மேல தலையத் தூக்கணும், மேல் ஓரத்துல நேரம், சேனல் பேர் எல்லாம் பாக்க அதுக்கும் மேல. விடியக்காலை நாலு மணில இருந்து அழகர் இறங்கி முடியுற வரைக்கும் அவரு அப்படி உக்காந்தா மறுநாள் எந்திரிக்கவே மாட்டாரு. இதை அப்படியே வீட்டுக்காரம்மாகிட்ட காட்டுனேன், மாமாவுக்கு வலிக்கும்னா அங்க வேணாங்கன்னு உடனே சொல்லிட்டாங்க. அப்ப மேல மாட்டுறது இல்லன்னு முடிவு. மத்த மூணு சுவத்துல எதுங்கறதுதான் பாக்கி.


பெருமாள்மலை அக்கா

தம்பி, நான் பொறந்தது உசிலம்பட்டி, கட்டிக்குடுத்தது கொடைக்கானல் மலைக்கு, 26 வருசமா இந்தக் குளிருலதான் குடும்பம் நடத்துறேன். எங்க வீட்லயும் விறகு எரிக்கற ஃபயர்பிளேஸ்தான், டிவியை மூணு எடம் மாத்தி நாலாவது எடத்துலதான் நின்னுச்சு, அதனால சொல்றேன்.

முதல்ல உங்க மச்சினன் சொன்ன மாதிரி நேர் எதிர்ச் சுவத்துலதான் வச்சோம். ராத்திரி தீயப் போட்டுட்டு லைட்ட அமத்திட்டு டிவி போட்டா படத்துக்குள்ள தீ ஆடுது, கண்ணாடி மாதிரி அப்படியே பிரதிபலிக்குது, இருட்டான சீன் வந்தா தீயத் தவிர ஒண்ணும் தெரியாது. அதை விட இன்னொண்ணு, டிவி பாக்கணும்னா தீக்கு முதுகு காட்டி உக்காரணும், முதுகு வேகும் காலு விறைக்கும். குளிர் காயுறவங்களுக்குக் காலும் கையும்தான் முதல்ல சூடு கேக்கும். உங்கப்பா வயசுக்கு அது ஆகாது.

அப்புறம் சன்னலுக்கு எதிர்ச் சுவர், உங்க கணக்குல வடக்கு. பகல்ல வெளிச்சம் பூரா டிவி மேல, மேகமூட்டமா இருந்தாக்கூட வெளிய வெள்ளையா ஒரு வெளிச்சம் இருக்கும்ல, அது போதும் படத்த அழிக்க. கனமாத் திரை போட்டோம், திரை போட்டா பள்ளத்தாக்கு தெரியல, அதைப் பாக்கத்தானே மலைக்கு வர்றீங்க. விடியக்காலைல மட்டும் பாக்கறதுன்னா இது ஓகே, ஆனா புள்ளைங்க பகல்லயும் போடும்.

மூணாவது சன்னல் பக்கமே ஒரு ஸ்டாண்டு போட்டு வச்சோம், சன்னல் இடுக்குல இருந்து மஞ்சு உள்ள வந்து ஒரு மழைக்காலம் தாங்கல.

கடைசியா ஃபயர்பிளேஸுக்குப் பக்கத்துல உள்வாங்குன எடத்துலதான் வச்சோம். சன்னலுக்குப் பக்கவாட்டுல வர்றதால வெளிச்சம் நேரா விழாது, தீயும் டிவியும் ஒரே திசைல இருக்கும், சேரைத் திருப்பவே வேண்டாம். நாங்க சேரைத்தான் முதல்ல போட்டோம், அம்மா எங்க உக்காந்தா சூடு பதமா இருக்குதுன்னு பாத்து அங்க போட்டுட்டு அப்புறம்தான் டிவியை அதுக்குத் தகுந்த மாதிரி வச்சோம். மொத மூணு தடவையும் டிவியை வச்சுட்டு மனுசரை அதுக்குத் தகுந்த மாதிரி உக்கார வச்சோம், அதான் தப்பாப்போச்சு.

இன்னொரு முக்கியமான விசயம், தயவுசெஞ்சு கேளுங்க. டிவி சத்தம் நல்லாக் கேக்கணும், குளிர் வரக்கூடாதுன்னு கதவு சன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்திட்டு விறகு எரிக்காதீங்க. புகைபோக்கி சரியா இழுக்கணும்னா உள்ள காத்து வரணும், ஒரு சன்னலாவது ரெண்டு இஞ்ச் திறந்து இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, தலை வலிக்குது, தூக்கம் வருதுன்னு நினைப்போம், அப்படியே போயிரும். கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சுட்டுத் தூங்கி உயிர் போன சேதி எங்க மலைல கேக்காத வருசம் இல்ல. அப்பா டிவி பாத்துக்கிட்டே கண்ணசந்துட்டார்னா யாராவது முழிச்சிருக்கணும். அதுக்கான அலாரம் ஆன்லைன்ல கிடைக்குது, ஒண்ணு வாங்கி மாட்டுங்க.


திருப்பரங்குன்றம் சிவில்

அக்கா சொன்ன எடம்தான் சரின்னு எனக்கும் படுது. கட்டட வேலை சம்பந்தமா மட்டும் ரெண்டு வார்த்தை.

கொடைக்கானல்ல இந்த ஃபயர்பிளேஸ் வச்ச வீடு எல்லாம் எப்படி வந்துச்சுன்னா, நம்ம மதுரைல இருந்த அமெரிக்க மிஷன்காரங்க வெயிலும் காய்ச்சலும் தாங்காம 1845ல மேல போய் முதல்ல ரெண்டு பங்களா கட்டுனாங்க, அதுல தொடங்குனதுதான் அந்த ஊரே. 1863ல ஏரிய உண்டாக்குன லெவிஞ்சும் மதுரைக் கலெக்டராத்தான் இருந்தாரு. 1985ல திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகற வரைக்கும் அது நம்ம மாவட்டம்தானே. சொல்ல வந்தது என்னன்னா, அந்தப் பழக்கத்துல பின்னாடி கட்டுன கல்லு வீடுகள் பலதுல புகைபோக்கி சுவத்துக்குள்ளயே போகும், உள்ள சுண்ணாம்புக் காரை பூசியிருக்கும். வெளிய இருந்து பாத்தா கெட்டிச் சுவர் மாதிரி தெரியும், உள்ள கூடு.

அதுல டிரில் போட்டு ஆங்கர் போல்ட் அடிச்சா ரெண்டு ஆபத்து. கல்லுக்கு நடுவுல இருக்கற சுண்ணாம்புச் சாந்து உதுரும், போல்ட் பிடிக்காது. இன்னொண்ணு, உள்பூச்சு விரிசல் விட்டு புகை ஹாலுக்குள்ள கசியும், புகை தெரியாட்டியும் அக்கா சொன்ன அந்த வாயு வரும். அதனால டிவி மட்டும் இல்ல, படம் மாட்டக்கூட அந்த அஞ்சடிச் சுவத்துல ஆணி அடிக்காதீங்க. வயரும் அந்தச் சுவத்துல ஏத்தாதீங்க, வீட்டு ஒயரிங்க்கு நாம போடுற பிவிசி வயர் 70 டிகிரிக்குத்தான், அந்தச் சூட்டுலயே வருசக்கணக்கா கிடந்தா மேலுறை காஞ்சு வெடிச்சுரும்.

உள்வாங்குன எடத்துல வைக்கிறப்பவும் ஒண்ணு கவனிங்க. மேற்குச் சுவர் வெளிச்சுவர். ஐப்பசி கார்த்திகை மழைல கண்டிப்பா ஓதம் அடிக்கும், பூட்டிக் கிடக்கற வீட்ல இன்னும் கூட. சுவத்துல மாட்டாம மர ஸ்டாண்டு போட்டு அதுமேல வைங்க, பின்னாடி நாலு இஞ்சாவது காத்து போக இடைவெளி விடுங்க.

அளவு பாத்தீங்களா? 55 இஞ்ச் டிவி அகலம் கிட்டத்தட்ட 48 இஞ்ச். உங்க எடம் சரியா நாலடி, அதுவும் 48தான். பழைய கல்லுச் சுவர் எங்கயும் நூல் பிடிச்ச மாதிரி இருக்காது, உள்ளயே போகாது, போனாலும் காத்துக்கு எடம் இல்ல. 43 இஞ்ச்னா அகலம் முப்பத்தேழரை இஞ்ச், ரெண்டு பக்கமும் அஞ்சு இஞ்ச் கிடைக்கும்.


வைகைக்கரை

43 ரொம்பச் சின்னதா ஆயிராதா? மதுரைல 55 பாத்துப் பழகுன கண்ணு.


ஒத்தக்கடை டிவி சர்வீஸ்

மதுரைல எம்புட்டு தூரத்துல உக்காருறீங்க? பத்தடி இருக்கும். மேல அப்பா சேர் தீல இருந்து ஆறேழு அடில வரும், டிவி இஞ்சை ஒண்ணு புள்ளி ஆறால பெருக்குனா வசதியான தூரம் வரும்னு ஒரு கணக்கு, 43க்கு 69 இஞ்ச், ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. சரியாப் பொருந்துது. தங்கக்குதிரைல அழகர் கட்டியிருக்கற பட்டு என்ன கலருன்னு அப்பாவுக்கு நல்லாத் தெரியும், கவலைப்படாதீங்க. 55 மதுரைலயே கிடக்கட்டும்ணே, அதைக் கழட்டி அத்தனை கொண்டை ஊசி வளைவுல ஏத்துறதும் பேனலுக்கு நல்லதில்ல.


சிம்மக்கல் வாசி

எங்க வீட்ல ஃபயர்பிளேஸ் இல்ல, ஆனா இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு அதனால எழுதுறேன். எங்களுது பழைய வீடு, ஹால்ல நல்ல சுவர் ஒண்ணே ஒண்ணுதான், அதுல சாமி மாடம். எடம் இல்லாம மாடத்துக்கு மேலயே டிவியை மாட்டிட்டோம். அம்மா காலைல சாயங்காலம் நல்லெண்ணெய் விளக்கு ஏத்துவாங்க, வெள்ளி செவ்வாய் சாம்பிராணி. ஒரு வருசம் கழிச்சு டிவியக் கழட்டிப் பாத்தா அடி ஓரம் பூரா பிசுபிசுன்னு மஞ்சளாப் படிஞ்சிருக்கு, துணி வச்சுத் துடைச்சா இழுவுதே தவிர போகல. ஒரு சின்ன விளக்குக்கே அப்படின்னா விறகுக்கு யோசிச்சுப் பாருங்க. அதை விட எனக்கு வருத்தம் என்னன்னா, அம்மா கண்ண மூடிக் கும்புடறப்ப தலைக்கு மேல ஏதோ ஒரு விளம்பரம் ஓடிக்கிட்டு இருக்கும், அவங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல. மாத்தினப்புறம்தான் இப்பத்தான்டா நிம்மதியா இருக்குன்னாங்க. தீக்கு முன்னாடி உக்காருறதும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான், அதையே பாத்துக்கிட்டு சும்மா இருக்கறதும் ஒரு சுகம். டிவிய நேரா அதுக்கு மேல வைக்காம தள்ளி வச்சா, டிவி அமத்தி இருக்கற நேரத்துல அப்பாவுக்குத் தீ மட்டும் கண்ணுக்கு முன்னாடி இருக்கும்.


வைகைக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. போன சனி ஞாயிறு அப்பாவையும் கூட்டிக்கிட்டு மேல போயிட்டு வந்துட்டேன், தெர்மாமீட்டர் மூணு வாங்கிட்டுத்தான் போனேன். எழுதி வச்சத அப்படியே போடுறேன்.

சாயங்காலம் ஆறரைக்குத் தீ மூட்டுனோம், அப்ப ஹால்ல 14 டிகிரி. யூகலிப்டஸ் விறகு, எப்பவும் போடுற அளவுதான் போட்டோம். ஒன்பது மணிக்குப் பாத்தப்ப கல்லுப் பலகைக்கு மேல, டிவி நடு வர்ற எடத்துல 47, பலகையை ஒட்டி இன்னும் அதிகம், கைய வைக்க முடியல. வடக்குப் பக்கம் உள்வாங்குன எடத்துல 23. வடக்குச் சுவத்துல 20. தீ அணைஞ்சு ராத்திரி பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தேன், அந்தப் புகைபோக்கிச் சுவர் அப்பவும் 36. ஒத்தக்கடை அண்ணன் சொன்னது அப்படியே இருக்கு. உள்வாங்குன எடம் ஏன் சூடாகலைன்னு உக்காந்து பாத்தா புரியுது, துருத்திக்கிட்டு இருக்கற சுவருக்கு ஒன்றரை அடி பின்னாடி தள்ளி இருக்கறதால தீயோட அனல் அங்க நேரா விழவே இல்ல.

அப்பாவ சேர்ல உக்கார வச்சோம். முதல்ல அஞ்சடில போட்டோம், முழங்கால் சுடுதுன்னாரு. பின்னாடி நகத்தி நகத்தி ஆறரை அடில வந்தப்ப இது போதும்னாரு, சாக்கட்டியால தரைல சேர் காலுக்கு அடையாளம் போட்டுட்டேன். அங்க இருந்து பாத்தா தீ நேரா இருக்கு, டிவி வர்ற எடம் கொஞ்சம் வலது கைப்பக்கம். அட்டைய 43 இஞ்ச் டிவி அளவுக்கு வெட்டி ஒரு ஸ்டூல் மேல நிக்க வச்சுப் பாத்தோம், நடு 40 இஞ்ச் உயரத்துல வர்ற மாதிரி. கழுத்த எம்புட்டு திருப்புறாருன்னு பக்கத்துல நின்னு பாத்தேன், சேரையே லேசா ஒரு சாய்வு திருப்பிப் போட்டதும் கழுத்து திரும்பவே இல்ல, கண்ணு மட்டும்தான் போகுது. அட்டையப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்தாரு. அப்புறம், எதிர்சேவை அன்னைக்கே மேல வந்துரணும்டா, தல்லாகுளத்துல சாமி நிக்கறதையும் இதுல காட்டுவாங்கல்லன்னாரு.

ஆசாரி வந்து அளவு எடுத்துட்டுப் போயிட்டாரு. ஸ்டாண்டு 28 இஞ்ச் உயரம், பின்பக்கம் திறந்தாப்புல, சுவத்துல இருந்து நாலு இஞ்ச் தள்ளி நிக்கும். வயர் வடக்குச் சுவர் வழியா வருது, பிளக் பாயிண்ட் கை எட்டுற உயரத்துல, இடி இடிச்சா அம்மாவே உருவிரலாம். அலாரத்துக்கும் ஆர்டர் போட்டாச்சு. ஒண்ணு மட்டும் கேக்கணும், வருசத்துல எட்டு மாசம் வீடு பூட்டியே கிடக்கும், டிவியை அங்கயே விட்டுட்டு வரலாமா, கீழ கொண்டு வரணுமா?


பெருமாள்மலை அக்கா

ஒவ்வொரு தடவையும் ஏத்தி இறக்க வேணாம் தம்பி. பிளக்கை உருவிட்டு பழைய பருத்திப் போர்வை போட்டு மூடிட்டு வாங்க, பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்காதீங்க, உள்ள வேர்க்கும். திரும்ப வந்ததும் உடனே ஆன் பண்ணாதீங்க, முதல்ல தீயப் போட்டு வீட்ட ஒரு ரெண்டு மணி நேரம் காய விடுங்க, குளிர்ந்து கிடக்கற பேனல்ல ஈரம் படிஞ்சிருக்கும், அது காயணும். இன்னொண்ணு, எட்டு மாசம் பூட்டிக் கிடந்த வீட்ல புகைபோக்கிக்குள்ள குருவி கூடு கட்டிரும், தீ மூட்டறதுக்கு முன்னாடி ஆள் விட்டுப் பாத்துருங்க. எதிர்சேவைக்கு முதநாளே வந்துருங்க, காஞ்ச விறகு எங்க கொட்டகைல அடுக்கி வச்சிருக்கேன், பச்சை விறகு கடைல வாங்கி எரிக்காதீங்க, அப்பாவுக்கு இருமும்.